பழைய ஸ்போர்ட்ஸ் காரின் உண்மையான மைலேஜ்: பெட்ரோல் எங்கே போகிறது?

முப்பது வயதான ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களிடம் மைலேஜ் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்றுதான் வரும். "அதையெல்லாம் பார்த்தால் இந்தக் காரை வைத்துக்கொள்ள முடியுமா?" என்பார்கள். அல்லது அளந்தே பார்க்காமல் "லிட்டருக்குப் பதினைந்து தருது" என்பார்கள். இரண்டாலுமே காருக்கு நன்மையில்லை.

1980களிலும் 1990களிலும் வந்த ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் கார்களில் ஒரு சென்சார் பழுதானால் வண்டி நின்றுவிடாது. பல சமயம் செக் எஞ்சின் விளக்குகூட எரியாது. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு கூடுதலாகப் பெட்ரோல் தெளித்துச் சமாளித்துக்கொள்ளும். எஞ்சின் மென்மையாகவே ஓடும், இழுவையும் பெரிதாகக் குறையாது. கோளாறைக் காட்டிக்கொடுப்பது மைலேஜ் கணக்கு மட்டும்தான். அந்தக் காலத்து இசியுவுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பெட்ரோல். எஞ்சின் சூட்டைக் காக்கும் தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்றாலும் பெட்ரோல், பிளக் வயர் கசிந்தாலும் பெட்ரோல், எக்ஸாஸ்ட் கேஸ்கெட் ஊதினாலும் பெட்ரோல். அதனால் பழைய காரில் மைலேஜை ஒழுங்காக அளப்பது, எஞ்சினைப் பிரிக்காமலே அதன் உடல்நிலையைத் தெரிந்துகொள்ளும் வழி. செலவும் கிடையாது.

முதலில், எந்த எண்ணோடு ஒப்பிடுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். பழைய விளம்பரப் புத்தகங்களில் இருக்கும் மைலேஜ் எண்கள் இன்றைய எண்களோடு ஒப்பிடக்கூடியவை அல்ல. ஐரோப்பாவில் 1990களின் நடுப்பகுதி வரை மூன்று எண்களைத் தனித்தனியாகக் கொடுத்தார்கள்: நகரச் சுழற்சி, மாறாத 90 கிமீ வேகம், மாறாத 120 கிமீ வேகம். விற்பவர்கள் எடுத்துக்காட்டுவது எப்போதும் அந்த 90 கிமீ எண்ணைத்தான். நிறுத்தமே இல்லாமல் ஒரே சீராகப் போனால் மட்டும் கிடைப்பது அது. ஜப்பானியக் கார்களுக்கு 1991 முதல் 10-15 மோட் என்ற சோதனை வந்தது. அதற்கு முன் மாறாத 60 கிமீ வேக எண்ணும் பெரிதாக அச்சிடப்பட்டது. ஒரு ஸ்போர்ட்ஸ் கார் டாப் கியரில் 60ல் ஊர்ந்து பெறும் மைலேஜுக்கும் நிஜ வாழ்க்கைக்கும் சம்பந்தமே இல்லை. அமெரிக்க எண்கள் இவற்றைவிட நேர்மையானவை. அங்கே 1985 மாடல் முதல் ஆய்வக அளவிலிருந்து நகர மைலேஜை 10 சதவீதமும் நெடுஞ்சாலை மைலேஜை 22 சதவீதமும் குறைத்து வெளியிட்டார்கள். 2008 மாடலிலிருந்து கணக்கிடும் முறையே மாறியது. பழைய மாடல்களின் எண்களையும் அந்தப் புதிய முறைக்கு ஏற்பத் திருத்தி வெளியிட்டிருக்கிறார்கள். பழைய கார் ஒன்றுக்கு ஒப்பீட்டு எண் தேவைப்பட்டால் இந்தத் திருத்திய அமெரிக்க எண்ணை எடுத்துக்கொள்வதே நல்லது. அமெரிக்க கேலனுக்கு இத்தனை மைல் என்று இருப்பதை 0.425 ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். பிரிட்டிஷ் கேலன் பெரியது, அதற்கு 0.354. இந்த இரண்டு கேலன்களையும் குழப்பிக்கொண்டதால் வரும் சண்டைகள் ஏராளம்.

அளக்கும் முறை எளிது. ஆனால் தவறு செய்ய இடம் நிறைய. டேங்கை நிரப்பி, பங்க்கில் பெட்ரோல் ஊற்றும் துப்பாக்கி முதல் முறை தானாக நின்றதும் நிறுத்த வேண்டும். அதற்குமேல் தட்டித்தட்டி ஊற்றக்கூடாது. அது கணக்கையும் கெடுக்கும், பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கேனிஸ்டரையும் திரவத்தால் நனைத்துப் பாழாக்கும். அடுத்த முறை முடிந்தவரை அதே பங்க்கில், அதே பம்பில், கார் அதே பக்கம் பார்த்து நிற்கும்படி நிரப்புங்கள். முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5ன் ஆரம்பகால 1.6 லிட்டர் மாடலில் டேங்க் 45 லிட்டர்தான். ஒரு நிரப்பலில் 30 முதல் 35 லிட்டர் போகும். துப்பாக்கி ஒரு லிட்டர் முன்னே பின்னே நின்றாலே 3 சதவீதப் பிழை. அதனால் ஒரே ஒரு டேங்கை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. குறைந்தது நான்கு டேங்கின் மொத்தத் தூரத்தை மொத்த லிட்டரால் வகுக்க வேண்டும்.

இங்கே பலர் சறுக்கும் ஒரு கணக்கு உண்டு. 300 கிமீ லிட்டருக்கு 10 வீதமும், அடுத்த 300 கிமீ லிட்டருக்கு 15 வீதமும் ஓடினால் சராசரி 12.5 அல்ல. முதல் பாதிக்கு 30 லிட்டர், இரண்டாவதற்கு 20. மொத்தம் 600 கிமீ, 50 லிட்டர், அதாவது 12. இப்படித் தூரம் சமமாக இருக்கும்போது மைலேஜ்களைக் கூட்டி இரண்டால் வகுத்தால் எப்போதும் நிஜத்தைவிட நல்ல எண்தான் வரும்.

ஓடோமீட்டரையும் சரிபார்க்க வேண்டும். ஸ்பீடோமீட்டர் நிஜ வேகத்தைவிடக் கூடுதலாகக் காட்டும்படிதான் செய்யப்படுகிறது. ஓடோமீட்டர் பெரும்பாலும் அப்படி இல்லை. "ஸ்பீடோ 6 சதவீதம் கூட்டிக் காட்டுது, அதனால் தூரத்திலும் 6 சதவீதம் கழிக்கணும்" என்பது தவறு. ஜிபிஎஸ் வைத்து நேரான சாலையில் ஒரு 50 கிமீ ஓட்டி, தூரத்தோடு தூரத்தை ஒப்பிடுங்கள். டயர் அளவு மாறியிருந்தால் இது இன்னும் முக்கியம். எம்எக்ஸ்-5ல் ஒரிஜினல் 185/60 ஆர்14க்குப் பதில் 195/50 ஆர்15 போட்டால் விட்டம் கிட்டத்தட்ட அதேதான், ஓடோமீட்டர் மாறாது. 205/45 ஆர்16 போட்டால் விட்டம் சுமார் 2.3 சதவீதம் கூடும். ஓடோமீட்டர் குறைத்துக் காட்டும். நிஜத்தில் 12 கொடுக்கும் கார் 11.7 கொடுப்பதாகத் தெரியும். 195/45 ஆர்15 போட்டால் நேர் எதிர்: சுமார் 3.8 சதவீதம் பொய்யான லாபம். சக்கரம் மாற்றியதும் மைலேஜ் ஏறிவிட்டது என்ற பேச்சுகளில் பாதி இந்தக் கணக்கில்தான் அடங்கும்.

சரி, எவ்வளவு எதிர்பார்க்கலாம்? நல்ல நிலையில் உள்ள 1.6 லிட்டர் எம்எக்ஸ்-5 நகரமும் நெடுஞ்சாலையும் கலந்து லிட்டருக்கு 11 முதல் 12.5 வரை தரும். 90–100 கிமீ வேகத்தில் நிதானமான நெடுஞ்சாலைப் பயணத்தில் 14–15 வரை போகும். 1982ல் வந்த போர்ஷே 944ன் 2.5 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சினும் இந்த விஷயத்தில் மோசமில்லை. கலப்பில் 9.5–10, நெடுஞ்சாலையில் 12 அளவுக்கு. அந்த உடலின் காற்றெதிர்ப்புக் குணகம் 0.35, அந்தக் காலத்துக்கு நல்ல எண். ரோட்டரி எஞ்சின் (பிஸ்டனுக்குப் பதில் முக்கோணச் சுழலி) உள்ள மாஸ்டா ஆர்எக்ஸ்-8 கலப்பில் 7–8, நெடுஞ்சாலையில் 9.5–10. ரோட்டரியைப் பற்றிக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்; அதன் விதிகள் வேறு.

இந்த எண்களுக்குக் கீழே 10 சதவீதம் வரை இருந்தால் அது ஓட்டும் விதம், பாதை, குளிர், பெட்ரோலின் கலவை ஆகியவற்றுக்குள் அடங்கிவிடும். 20 சதவீதம் குறைந்தால் காரில் கோளாறு இருக்கிறது. அதை வயசு என்று சொல்லித் தட்டிக்கழிக்கக்கூடாது. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் அளவு) சரியாக இருக்கும் எஞ்சின் வயதானதால் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்காது.

கோளாறு தேடுவதற்கு முன் வேகத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் சிறியவை, எடை குறைவு. ஆனால் காற்றில் அவ்வளவு வழுக்கிப் போவதில்லை. எம்எக்ஸ்-5 அளவுள்ள காருக்கு 100 கிமீ வேகத்தில் காற்றைத் தள்ள மட்டும் சுமார் 8 கிலோவாட் வேண்டும். 130ல் அது சுமார் 18 கிலோவாட். 100ல் 15 கொடுத்த கார் 130ல் 11க்கு இறங்குவது இயல்பு. கூரையைத் திறந்து ஓட்டினால் இன்னும் குறையும். நகரத்தில் கூரை எப்படி இருந்தாலும் வித்தியாசம் இல்லை.

கியர் விகிதம் அடுத்தது. ஐந்தாவது கியரில் 0.814, பின் அச்சில் 4.3 என்றிருக்கும் எம்எக்ஸ்-5, 100 கிமீ வேகத்தில் ஏறக்குறைய 3300 ஆர்பிஎம்மில் சுற்றும். இன்றைய கார்கள் அதே வேகத்தில் 2000 பக்கத்தில் இருக்கும். திராட்டில் (எஞ்சினுக்குள் காற்றை விடும் கதவு) பாதி மூடிய நிலையில் வேகமாகச் சுற்றும் எஞ்சின், காற்றை உறிஞ்சவும் உள் உராய்வுக்கும் நிறையச் செலவழிக்கிறது. இது வடிவமைப்பிலேயே இருக்கும் செலவு. ஆறாவது கியர் இருந்தால் மைலேஜ் கூடும் என்றும் நம்ப வேண்டாம். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் ஆறு கியர் வைத்தது விகிதங்களை நெருக்கமாக அடுக்கத்தான். டாப் கியரில் ஆர்பிஎம் பெரிதாகக் குறையாது.

இனி கோளாறுகள். நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சரிசெய்து, ஒன்றிரண்டு டேங்க் ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்ததற்குப் போக வேண்டும். ஐந்தையும் சேர்த்து மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. புதிதாகப் போட்ட பாகமே கோளாறாக இருந்தாலும் தெரியாது.

முதலில் எஞ்சின் சூடு. தெர்மோஸ்டாட் முழுவதும் மூடாமல் நின்றால் எஞ்சின் 60–65 டிகிரியிலேயே உழலும். இசியு அதை இன்னும் சூடாகாத எஞ்சின் என்று எடுத்துக்கொண்டு கூடுதல் பெட்ரோல் கொடுக்கும். டேஷ்போர்டில் இருக்கும் வெப்ப முள்ளை நம்பக்கூடாது. பல கார்களில் வெப்பம் கணிசமாக ஏறி இறங்கினாலும் அது நடுவிலேயே நிற்கும்படி செய்யப்பட்டிருக்கிறது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் தொட்டுப் பாருங்கள். விசிறியும் பெல்ட்டும் கைக்கு எட்டாத இடமாகப் பார்த்து. தெர்மோஸ்டாட் சரியாக இருந்தால் ஹோஸ் பல நிமிடம் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சூடாகும். ஆரம்பத்திலிருந்தே எஞ்சினோடு சேர்ந்து மெதுவாக வெதுவெதுப்பானால் தெர்மோஸ்டாட் கசிகிறது. மாற்றிவிடுங்கள்.

தெர்மோஸ்டாட் சரி என்றால் கூலன்ட் சென்சார். இந்தத் தலைமுறைக் கார்களில் பெரும்பாலும் இரண்டு இருக்கும்: டேஷ்போர்டு முள்ளுக்கு ஒற்றை வயரில் ஒன்று, இசியுவுக்கு இரட்டை வயரில் இன்னொன்று. முள் சரியாகக் காட்டுவதால் இசியுவுக்கும் சரியான தகவல் போகிறது என்று அர்த்தமில்லை. இரட்டை வயர் சென்சாரின் பிளக்கைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். வழக்கமான பாஷ் வகையில் 20 டிகிரியில் சுமார் 2500 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம். சூடான எஞ்சினில் ஆயிரத்துக்கு மேல் காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. சென்சார் சரியான எண் காட்டியும் சந்தேகம் இருந்தால், பிளக்கின் உள்ளே பாருங்கள். பச்சைக் களிம்பு படிந்த பித்தளை முனை, சில நூறு ஓமைத் தானே சேர்த்துவிடும். சூடான நிலையில் 300 ஓம் எதிர்பார்க்கும் இசியுவுக்கு அந்தச் சில நூறு ஓம், எஞ்சின் 20 டிகிரி குறைவாகச் சூடானதுபோலத் தெரியும். முனையைச் சுத்தம் செய்து, பிளக்கை இறுக்கிப் போட்டாலே சில கார்கள் திருந்திவிடும்.

அடுத்து, எக்ஸாஸ்டில் மிஞ்சும் ஆக்சிஜனை அளந்து இசியுவுக்குச் சொல்லும் ஆக்சிஜன் சென்சார். இது சாவதற்கு முன் பல ஆண்டுகள் சோம்பலாகிக்கொண்டே போகும். சூடான எஞ்சினை 2500 ஆர்பிஎம்மில் பிடித்துக்கொண்டு சிக்னல் வயரில் வோல்ட் பாருங்கள். 0.1க்கும் 0.9க்கும் இடையே துள்ள வேண்டும்; பத்து நொடியில் எட்டு முறையாவது மாற வேண்டும். மெதுவாக ஏறி இறங்கினாலோ 0.4 பக்கத்திலேயே நின்றாலோ மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஒற்றை வயர் உள்ள, ஹீட்டர் இல்லாத பழைய சென்சார்களின் ஆயுள் 80,000 கிமீ என்று வைத்துக்கொள்ளலாம். ஹீட்டர் உள்ளவை இரு மடங்கு தாங்கும். புதியதைப் பொருத்தும்போது ஒரு நுணுக்கம். பல சென்சார்கள் ஒப்பீட்டுக்கு வேண்டிய வெளிக்காற்றைத் தன் வயரின் இழைகள் வழியாகத்தான் உள்ளே இழுக்கின்றன. இணைப்பில் ஈயம் வைத்து சால்டர் செய்தால் அந்த வழி அடைபடும். கிரிம்ப் செய்யுங்கள். பிளக்கில் கான்டாக்ட் கிளீனர், கிரீஸ் எதுவும் வேண்டாம். மரை இறுகாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசை மரையில் மட்டும், முனையில் படக்கூடாது.

சென்சாரை மாற்றும் முன் அதற்கு முன்னால் இருக்கும் எக்ஸாஸ்ட் கசிவைப் பாருங்கள். மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் சிறு ஓட்டை இருந்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் வெளிக்காற்று உள்ளே இழுபடும். சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்து "பெட்ரோல் போதவில்லை" என்று சொல்லும்; இசியு ஊற்றும். கேஸ்கெட் ஓரத்தில் கருப்புக் கரிக்கோடு தெரிந்தால் அதுதான் இடம். குளிர்ந்த எஞ்சினில் டிக் டிக் சத்தம் கேட்டு, சூடானதும் மறைவதும் இதன் அடையாளம்.

மிஸ்ஃபயரும் இதே வழியில்தான் ஏமாற்றும். எரியாத சிலிண்டரிலிருந்து பெட்ரோலும் ஆக்சிஜனும் சேர்ந்தே வெளியே வருகின்றன. ஆனால் சென்சாருக்கு ஆக்சிஜன் மட்டும்தான் தெரியும். ஒரு சிலிண்டர் அவ்வப்போது தவறினாலும் நான்கு சிலிண்டருக்கும் கூடுதல் பெட்ரோல் போகும். பழைய எம்எக்ஸ்-5ல் பிளக் வயர்கள் நான்கைந்து ஆண்டுக்கு மேல் நம்பக்கூடியவை அல்ல. இருட்டில் பானட்டைத் திறந்து, எஞ்சின் ஓடும்போது வயர்கள்மேல் தண்ணீரை மெல்லிய தூறலாகத் தெளித்தால் நீலப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். கை வைக்காதீர்கள். பிளக்குகளைக் கழற்றி நான்கையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். நான்கும் காய்ந்த கரியாக இருந்தால் மொத்தக் கலவை ரிச், அதாவது பெட்ரோல் கூடுதல். ஒன்று மட்டும் கருப்பென்றால் அந்தச் சிலிண்டரின் வயர் அல்லது இன்ஜெக்டர். எண்ணெய்ப் பிசுக்கான கருப்பு வேறு கதை. அது வால்வ் சீல் அல்லது ரிங்.

காற்றை அளக்கும் பகுதி அடுத்தது. 944லும் 1.6 எம்எக்ஸ்-5லும் இருப்பது மடல்வகை ஏர்ஃப்ளோ மீட்டர்: காற்று மடலைத் தள்ளும், மடல் ஒரு கரிப்பாதையின்மேல் முனையை நகர்த்தும். பல லட்சம் முறை அசைந்த இடத்தில் கரி தேய்ந்திருக்கும். அது பெரும்பாலும் நெடுஞ்சாலை வேகத்துக்குரிய இடம்தான். கறுப்பு மூடியைத் திறந்தால் உள்ளே ஸ்பிரிங்கோடு இணைந்த பல்சக்கரம் தெரியும். அதில் கைவைக்க யாருக்கும் ஆசை வரும். ஸ்பிரிங்கை இறுக்கினால் மடல் குறைவாகத் திறக்கும், கலவை லீன் ஆகும் (பெட்ரோல் குறையும்), தளர்த்தினால் ரிச். முன்பு யாரோ அதைத் தளர்த்தி வைத்த கார்கள் நிறைய உலவுகின்றன. ஆனால் கலவையைத் துல்லியமாக அளக்கும் வைட்பேண்ட் சென்சார் இல்லாமல் அதை இறுக்குவது ஆபத்து. முழுத் திராட்டிலில் லீன் ஆனால் எஞ்சின் உருகும். மிச்சமாகும் பெட்ரோல் ஒரு பிஸ்டனுக்குக்கூட ஈடாகாது.

மீட்டருக்கும் திராட்டில் பாடிக்கும் இடையே உள்ள ரப்பர் குழாயை மடக்கி, மடிப்புகளின் உள்ளே விரிசல் பாருங்கள். மீட்டரைத் தாண்டி நுழையும் காற்று அளவில் வராது. ஐடில் (கால் வைக்காதபோது எஞ்சின் ஓடும் நிலை) தடுமாறும், இசியு ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கும். இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. ஐடிலில் எண்ணெய் மூடியைத் திறங்கள். இந்த வகை எஞ்சின் உடனே தடுமாற வேண்டும். எதுவும் மாறவில்லை என்றால் ஏற்கெனவே வேறெங்கோ ஓட்டை இருக்கிறது.

1.6 எம்எக்ஸ்-5ன் மேனுவல் கியர் மாடலுக்கென்றே உள்ள ஒன்று: திராட்டில் பொசிஷன் சென்சார் என்று சொல்லப்படுவது அதில் வெறும் சுவிட்ச். கால் எடுத்த நிலைக்கு ஒரு தொடர்பு, முழுத் திராட்டிலுக்கு ஒரு தொடர்பு, நடுவில் ஒன்றுமில்லை. ஐடில் தொடர்பு சேராவிட்டால், கால் எடுத்துக் கியரில் இறங்கும்போது பெட்ரோலை நிறுத்தும் வேலை நடக்காது. முழுத் திராட்டில் தொடர்பு முன்கூட்டியே சேர்ந்தால் பாதி மிதியிலேயே ரிச் கலவை வரும். ஃபீலர் கேஜும் மல்டிமீட்டரும் வைத்துப் பதினைந்து நிமிடத்தில் சரிசெய்யலாம். இடைவெளி அளவு காரின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். பெட்ரோல் கணக்கில் இவ்வளவு மலிவான திருத்தம் வேறில்லை. பலரும் பார்க்காமல் விடுவதும் இதைத்தான்.

இக்னிஷன் டைமிங்கும் (பிளக் பொறி விடும் நேரம்) அதே காரில் அடிக்கடி நகர்ந்திருக்கும். ஹெட்டின் பின்பக்கம் இருக்கும் கேம் ஆங்கிள் சென்சாரின் ஓ-ரிங் கசியும் பழக்கமுள்ளது. அதை மாற்றியவர் டைமிங் லைட் இல்லாமல் திரும்ப இறுக்கியிருந்தால் நான்கைந்து டிகிரி பின்னால் போயிருக்கலாம். எஞ்சினைச் சூடாக்கி, டயக்னாஸ்டிக் பெட்டியில் டிஇஎன் (TEN), ஜிஎன்டி (GND) என்ற இரண்டு முனைகளையும் வயரால் இணைத்து, 850 ஆர்பிஎம் ஐடிலில் பார்த்தால் 10 டிகிரி இருக்க வேண்டும். 14 வரை முன்னே நகர்த்துபவர்கள் உண்டு. கீழ் ஆர்பிஎம்மில் இழுவை தெரியும்படி கூடும். ஆனால் கலவை தவறான நேரத்தில் வெடிப்பதைக் கண்டுபிடிக்கும் நாக் சென்சார் அந்த எஞ்சினில் கிடையாது. மேட்டில் பாரத்தோடு ஏறும்போது கல் உரசும் சத்தம் கேட்டால் உடனே பின்னால் கொண்டுவர வேண்டும், அல்லது ஆக்டேன் கூடுதலான பெட்ரோலுக்கு மாற வேண்டும்.

ஃபியூயல் பிரஷர் ரெகுலேட்டரின் வேக்கம் ஹோஸைக் கழற்றி முகருங்கள். பெட்ரோல் வாடையோ ஈரமோ இருந்தால் உள்ளே டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. பெட்ரோல் நேராக மேனிஃபோல்டுக்குள் போகிறது. மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். அப்படியே பெட்ரோல் ஹோஸ்களையும் பாருங்கள். முப்பது ஆண்டு ரப்பர், எத்தனால் கலந்த பெட்ரோலில் விரிசல் விடும். மாற்றும்போது இன்ஜெக்‌ஷன் அழுத்தத்துக்கான எஸ்ஏஇ ஜே30 ஆர்9 தர ஹோஸ்தான் வேண்டும். இங்கே மைலேஜைவிடத் தீப்பிடிக்காமல் இருப்பதே முக்கியம்.

1996க்குப் பிந்தைய அமெரிக்கக் கார்களிலும், 2001க்குப் பிந்தைய ஐரோப்பிய பெட்ரோல் கார்களிலும் ஸ்கேனர் மாட்டி இசியுவைப் படிக்கும் ஓபிடி-2 வசதி இருப்பதால் வேலை சுலபம். லாங் டெர்ம் ஃபியூயல் டிரிம் (இசியு நிரந்தரமாகக் கூட்டியோ குறைத்தோ கொடுக்கும் பெட்ரோல் திருத்தம்) பூஜ்யத்திலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் விலகினால் ஏதோ தவறு. கூட்டல் பக்கம் என்றால் காற்றுக் கசிவு, பம்ப் பலவீனம், எக்ஸாஸ்ட் ஓட்டை. கழித்தல் பக்கம் என்றால் கசியும் இன்ஜெக்டர், ரெகுலேட்டர், கேனிஸ்டர் பர்ஜ் வால்வ்.

எஞ்சினில் எதுவும் கிடைக்காவிட்டால் சக்கரங்களுக்கு வாருங்கள். உண்மையில் சிலருக்கு இங்கிருந்தே தொடங்குவது புத்திசாலித்தனம், ஏனென்றால் அதிகம் நிறுத்திவைக்கப்படும் கார்களில் பிரேக் பிடித்துக்கொள்வது சகஜம். எம்எக்ஸ்-5ன் பின் காலிப்பரில் ஹேண்ட்பிரேக் இயக்கமும் உள்ளேயே இருக்கிறது. அதுவும் வழுக்கு பின்களும் துருப்பிடித்து இறுகும். பிரேக்கை அதிகம் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, இன்ஃப்ராரெட் வெப்பமானியால் நான்கு டிஸ்க்கையும் அளங்கள். ஒரே அச்சில் இடதும் வலதும் 20 டிகிரிக்கு மேல் வேறுபட்டால் சூடான பக்கம் இழுக்கிறது. பின்களைக் கழற்றி, துருவைத் தேய்த்து, சிலிகோன் வகைப் பிரேக் கிரீஸ் போடுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்து மறுபடி இறுக்கும். ஹேண்ட்பிரேக் சரிசெய்யும் திருகை பேட் டிஸ்க்கைப் பிடிக்கும் வரை இறுக்கி, மூன்றில் ஒரு சுற்று பின்னால் விட வேண்டும். பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுழல வேண்டும்.

டயர் காற்றை ஓட்டுவதற்கு முன், குளிர்ந்த நிலையில் பாருங்கள். எம்எக்ஸ்-5க்கு ஒரிஜினல் அளவு 26 பிஎஸ்ஐ. 28–30 வைத்தால் உருளல் எதிர்ப்பு கொஞ்சம் குறையும். அதற்கு மேல் போனால் ஈரத்தில் பிடி குறையத் தொடங்கும். இலகுவான காருக்குக் கனமான செடான் காரின் அழுத்தத்தை வைப்பதில் அர்த்தமில்லை. காற்றின் வெப்பம் 10 டிகிரி குறைந்தால் அழுத்தம் சுமார் 1.5 பிஎஸ்ஐ இறங்கும் என்பதால், பருவம் மாறும்போது பார்ப்பது கட்டாயம். வீல் அலைன்மென்ட்டில் டோ அளவு (சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருப்பது) தவறினால் சக்கரம் உருளாமல் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டே போகும். டயரின் உள்விளிம்பு இறகுபோல் தேய்ந்திருப்பது அதன் சாட்சி. பந்தயப் பாதைக்காக டோ-அவுட் வைத்த கார் சாலையில் அதற்கான விலையைக் கொடுத்தே ஆக வேண்டும்.

வேலை முடிந்ததா என்று பார்க்க டேங்க் காலியாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆள் இல்லாத சமமான சாலையில், டயர் சூடான பிறகு, 60 கிமீ வேகத்தில் நியூட்ரலுக்குத் தள்ளி 40 ஆகும் வரை எத்தனை நொடி என்று இரு திசையிலும் எடுத்துச் சராசரி பாருங்கள். பிரேக் வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்தால் வித்தியாசம் நொடிகளில் தெரியும்.

பெட்ரோலைப் பொறுத்தவரை, ஆக்டேன் கூடினால் மைலேஜ் கூடாது. நாக் சென்சார் உள்ள, உயர் ஆக்டேனுக்கென்றே வடிவமைத்த எஞ்சினில் குறைந்த ஆக்டேன் போட்டால் இசியு டைமிங்கைப் பின்வாங்கும், அதில் இழப்பு உண்டு. மற்ற எஞ்சின்களுக்கு மேனுவல் சொல்வதே போதும். எத்தனால் கலப்பு நேரடிக் கணக்கு: ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல்தான் இருக்கிறது. 10 சதவீதக் கலப்பில் சுமார் 3 சதவீதம் மைலேஜ் போகும். எந்த டியூனிங்கும் அதைத் திரும்பத் தராது. குறிப்பேட்டில் எந்தக் கலப்பு போட்டோம் என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.

ஓட்டும் விதத்தில் இரண்டே விஷயம் பெரியவை. ஒன்று, ஆக்சிலரேட்டரை மயிலிறகால் வருடுவதுபோல் மிதித்து 4000 வரை இழுப்பதைவிட, முக்கால் மிதி மிதித்து 2500–3000ல் மேல் கியருக்கு மாற்றுவது சிக்கனம். திராட்டில் திறந்திருக்கும்போது எஞ்சின் காற்றை எளிதாக இழுக்கிறது. முழுவதும் மிதித்தால் மட்டும் இசியு ஆக்சிஜன் சென்சாரைக் கவனிக்காமல் 12.5–13க்கு 1 என்ற ரிச் கலவைக்குப் போய்விடும். இரண்டு, இறக்கத்திலும் சிக்னலை நெருங்கும்போதும் நியூட்ரல் போடாமல் கியரிலேயே விடுங்கள். கால் எடுத்தால் ஆர்பிஎம் 1200–1500க்கு இறங்கும் வரை இன்ஜெக்டர்கள் முழுவதும் மூடியிருக்கும். நியூட்ரலில் ஐடிலுக்கு மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்குப் போய்க்கொண்டே இருக்கும். இதைத் தவிர, எஞ்சின் சூடாகும் முன்பே முடியும் மூன்று நான்கு கிமீ பயணங்களைச் சேர்த்து ஒரே பயணமாக்குங்கள். முதல் சில கிலோமீட்டரில் பெட்ரோல் இரு மடங்குக்கு அருகில் போகும். எண்ணெயில் பெட்ரோலும் நீரும் கலப்பதும் அப்போதுதான்.

காந்தம், சுழல் தகடு, பெட்ரோல் குழாயில் மாட்டும் பெட்டி எதற்கும் பணம் கொடுக்காதீர்கள். திறந்த வகை ஏர் ஃபில்டர் எஞ்சின் அறையின் சூடான காற்றை இழுக்கும், மடல்வகை மீட்டருக்கு முன்னால் காற்றோட்டத்தையும் குலைக்கும். சாலையில் மைலேஜ் கூட்டாது. பாலிஈதர்அமீன் உள்ள இன்ஜெக்டர் கிளீனர், படிவு இருக்கும் எஞ்சினில் ஓரளவு வேலை செய்யும். படிவு கனமாக இருந்தால் இன்ஜெக்டர்களைக் கழற்றி அல்ட்ராசோனிக்கில் கழுவி, நான்கின் பாய்ச்சலையும் அளந்து வாங்குவதே சரி.

ரோட்டரிக்கு இதெல்லாம் பாதிதான் பொருந்தும். அதன் எரிப்பறை நீண்டு தட்டையாக இருப்பதால் கொள்ளளவுக்குச் சுவர்ப்பரப்பு அதிகம். வெப்பம் சுவருக்குப் போகிறது, ஓரங்களில் கலவை முழுவதும் எரிவதில்லை. ஆர்எக்ஸ்-8ல் 7–8 கிடைத்தால் அது நல்ல கார். 6க்குக் கீழே போனால் முதலில் இக்னிஷன் காயில்களையும் பிளக்குகளையும் மாற்றிப் பாருங்கள், பிறகு ரோட்டரிக்கென உள்ள கருவியில் கம்ப்ரஷன் எடுங்கள். பிஸ்டன் எஞ்சின் கேஜ் மூன்று முகங்களையும் தனித்தனியாகக் காட்டாது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி இரண்டு மீட்டர் நகர்த்தி உடனே அணைப்பது பெட்ரோலையும் வீணாக்கும், எஞ்சினையும் ஃபிளட் ஆக்கும் (பெட்ரோல் தேங்கி பிளக் நனைந்துவிடும்). கிளப்பினால் சூடாகும் வரை ஓட்டிவிட்டே அணையுங்கள். எரிப்பறைக்குள் எண்ணெய் செல்வது அதன் வடிவமைப்பு. அதனால் மைலேஜ் எழுதும் அதே பக்கத்தில், ஒவ்வொரு முறை பெட்ரோல் நிரப்பும்போதும் டிப்ஸ்டிக் பார்த்து, ஊற்றிய எண்ணெயின் அளவையும் எழுதுங்கள்.